கேமராவுக்கு இடப்பக்கம்

லொரேன் பாலையும் ரொட்டியையும் எடுத்து வைத்தபோது கல்லாவில் இருந்த பெண் அவள் முகத்தையே உற்றுப் பார்த்தாள். வரப்போவது என்னவென்று லொரேனுக்குத் தெரியும்.

“நீங்கதானே அந்தக் கம்ப்யூட்டர் விளம்பரத்துல வர்றவங்க? ‘எல்லாம் போச்சு’ன்னு சொல்லிட்டு விழுந்து விழுந்து சிரிப்பீங்களே! ஒரே ஒரு தடவை சிரிச்சுக் காட்டுங்க, ப்ளீஸ்.”

“இன்னைக்கு முடியலம்மா.”

பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கோபமாவது வந்திருக்கலாம். பல் பிடுங்கப் போட்ட ஊசியின் வேகம் இறங்காத தாடை மாதிரி, பிப்ரவரியிலிருந்து அவளுக்கு எல்லாமே மரத்துப்போய்க் கிடந்தது.

சாம்பல் நிறக் கம்ப்யூட்டரை விட்டு வெள்ளைக் கம்ப்யூட்டருக்கு மாறியவர்களை, அந்த வெள்ளைக் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் விளம்பரத்துக்காகப் போன வருடம் தேடினார்கள். நடிகர்கள் கூடாது, நிஜமாகவே மாறியவர்கள்தான் வேண்டும் என்பது அந்த விளம்பரத்தின் விதி. பேக்கர்ஸ்ஃபீல்டில் பள்ளி நூலகம் பார்த்துக்கொள்ளும் லொரேன் விளையாட்டாக ஒரு மின்னஞ்சல் தட்டிவிட்டாள், கூப்பிட்டுவிட்டார்கள். லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் காரோட்டி வந்தவன் அவள் கணவன் வெர்னன். வெள்ளைத் திரை முன்னால் அவளை நிறுத்தி, கேமராவுக்கு வலப்பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்பவரையே பார்த்துப் பேசச் சொன்னார்கள். இடப்பக்கம் நின்ற வெர்னன் சும்மா இருக்கிற ஆளா? மைக்குக்குப் போடும் ரோம உறையை எடுத்துத் தன் வழுக்கைத் தலையில் மாட்டிக்கொண்டான். நூலகப் பதிவுகளையெல்லாம் பழைய கம்ப்யூட்டர் விழுங்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவளின் கண் அந்தப் பக்கம் ஓடியது. சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணை அலையவிடாதீர்கள் என்று கடிந்துகொண்ட டைரக்டர், கடைசியில் அந்தப் படத்துண்டைத்தான் எடுத்து வைத்துக்கொண்டார்.

விளம்பரம் வெளிவருவதற்குள் வெர்னன் போய்விட்டான். சைலன்சர் மாட்டும் அவனுடைய கடையில், ஒரு காருக்கு அடியில், மாரடைப்பு. ஏப்ரலில் பேஸ்பால் ஆட்டத்துக்கு நடுவே அவள் முகம் டிவியில் வந்தது. அதன்பிறகு தினமும் வந்தது. கம்ப்யூட்டரை நினைத்துச் சிரிக்கிறாள் என்று ஊரே நம்பியது. அவள் எழுந்தும் போகவில்லை, அழவும் இல்லை. இது நின்றால் போதும் என்று மட்டும் இருந்தது.

சாம்பல் நிறக் கம்ப்யூட்டர் செய்யும் போட்டிக் கம்பெனியின் விளம்பர ஆள் டெனீஸ் வீட்டுக்கே வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்தாள்.

“உங்க ஸ்கூல்ல இப்ப மறுபடி எங்க மெஷினுக்குத்தானே வந்துட்டாங்க? பொய் ஒண்ணும் சொல்ல வேண்டாம். ‘திரும்பி வந்துட்டேன்’னு சொன்னா போதும்.”

“நான் வந்தா, அந்தப் பழைய விளம்பரம்?”

“அன்னைக்கே தூக்கிருவாங்க. எதிராளிகிட்ட போனவங்களை எவன் போட்டுக் காட்டுவான்?”

லொரேன் பேனாவைக் கேட்டு வாங்கினாள். கையெழுத்துப் போடும்போது, அவனை அவள் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த ஒரு பார்வையும் இதோடு போகிறது என்று தோன்றியது. அதற்கும் ஒன்றும் வலிக்கவில்லை.

இந்த முறை திரை நீலம். வலப்பக்கம் உட்கார்ந்திருந்த டெனீஸைப் பார்த்து, மளிகைச் சாமான் ஒப்பிப்பதுபோல் எல்லாவற்றையும் பிசகாமல் சொல்லி முடித்தாள். டெனீஸ் உதட்டைப் பிதுக்கினாள்.

“நல்லாத்தான் சொன்னீங்க. ஆனா அந்தப் பார்வை வரலையே லொரேன். அந்தப் பழைய விளம்பரத்துல லேசா இடப்பக்கம் திரும்பிட்டு குபீர்னு சிரிப்பீங்களே! அதுக்காகத்தானே உங்களைத் தேடிப் பிடிச்சோம்.”

“அங்க என் வீட்டுக்காரர் நின்னாரு.”

“அட, அப்ப அவரை இன்னைக்கும் கூட்டிட்டு வந்திருக்கலாமே!”

லொரேனின் கண் தானாக இடப்பக்கம் போனது. அங்கே ஒரு மடக்கு நாற்காலி கிடந்தது. அதன்மேல் மைக்கின் ரோம உறையை யாரோ கழற்றி வைத்திருந்தார்கள்.

“அதேதான்! அப்படியே இருங்க, அசையாதீங்க!” என்றாள் டெனீஸ்.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது.