ஊதாப் பட்டை

"அதக் கழுத்துல போடாதீங்க ஃபாதர். பாக்கெட்டுல வைங்க."

யாதிரா வீட்டிலிருந்து ஓடி வந்திருந்தாள். ஃபாதர் தங்கும் பங்கு வீட்டின் பின்வாசலில் செருப்பில்லாமல் நின்றாள். மத்தியான வெயிலில் கல் சுட்டது. பாவசங்கீர்த்தனம் கேட்கும்போது போடும் ஊதாப் பட்டை ஃபாதர் எவரிஸ்தோவின் கையில் இருந்தது.

"டாக்டர் நிச்சயமா சொன்னாரா?"

"சாயங்காலம் தாண்டாதுன்னார்."

"நிச்சயமான்னு கேக்கிறேன்."

"அம்மா சாகப்போறா. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணுமா?"

அவர் ஏன் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரியும். தலைநகரத்தில் சட்டம் படித்தபோது திருச்சபைச் சட்டத்தையும் தேடிப் படித்தவள். தன்னோடு படுத்தவளுக்கு அந்தப் பாவத்தை ஒரு குருவானவர் மன்னிக்க முடியாது. மன்னித்தாலும் செல்லாது, அவரையும் சபை தள்ளிவைக்கும். அவள் சாகக்கிடந்தால் மட்டும் முடியும். அடுத்த ஊர்க் குருவிடம் போனால் யாதிரா யார் பிள்ளை என்று அவருக்கும் தெரிந்துவிடுமே என்று, இருபத்துநான்கு வருஷம் அம்மா நற்கருணை வாங்காமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஊர் எவரிஸ்தோவை யாதிராவின் ஞானத்தகப்பன் என்றது. சனிக்கிழமைதோறும் ஞானத்தகப்பன் காபித்தூளோடு வருவார், சமையலறைக் கதவு வழியாக.

அம்மா ஒத்திலியா சர்க்கஸ்காரி. பலகையில் சாய்ந்து கைகளை விரித்து நிற்பாள். காதோரம், விரலிடுக்கில் எல்லாம் எறிந்த கத்தி வந்து குத்தும். இமைக்க மாட்டாள். அவள் பயந்தது பாவத்தோடு சாவதற்கு மட்டும்தான். "அந்தாளு பட்டையோட வீட்டுக்குள்ள வந்தா நான் முடிஞ்சேன்னு அர்த்தம்டி" என்று சிரிப்பாள். சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

காலையில்தான் யாதிரா, "திங்கக்கிழம எழுந்து நடந்துருவ" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"அவளுக்குத் தெரியக் கூடாது. பேச்சுவாக்குல கேட்டு மன்னிச்சிருங்க."

"பேச்சுவாக்குலயா? பாவசங்கீர்த்தனம்மா அது. தக்காளி விலையா கேக்கப்போறேன்?"

"இத்தன வருஷம் மறைக்கலையா? இதையும் மறைங்க."

அவர் பட்டையைச் சுருட்டிப் பாக்கெட்டில் திணித்தார்.

வீடு வரும்வரை அவள் அவருக்கு முன்னால் ஓட்டமும் நடையுமாகப் போனாள். நேரம் கடந்திருக்குமோ? கடக்காவிட்டால், கண்டுபிடித்துவிடுவாளோ? எது மோசம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அம்மா விழித்திருந்தாள்.

"இன்னைக்குப் புதன்தானே?"

"இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்" என்றார் எவரிஸ்தோ. தொப்பியைக் கட்டில் முனையில் வைத்தார். உட்காரக் குனிந்தார்.

அம்மாவின் பார்வை அவர் இடுப்பருகே நின்றது.

"வால் தொங்குது, எவரிஸ்தோ."

பாக்கெட்டிலிருந்து நாலு விரல் நீளத்துக்கு ஊதாப் பட்டை வெளியே தொங்கியது. போர்வையைப் பிடித்த அம்மாவின் கை வெளிறியது. கழுத்து நரம்பு துடித்ததை யாதிரா பார்த்தாள். அந்த முகத்தில் அப்படியொரு பயத்தை அவள் பார்த்ததே இல்லை.

"திங்கக்கிழமன்னியேடி."

யாதிரா போர்வை நுனியை இழுத்துச் சரிசெய்தாள்.

"சரி, வெளிய போ. கதவச் சாத்து."

சமையலறையில் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே முணுமுணுப்பு. ஒருமுறை விசும்பல் கேட்டது, அது ஆண்குரல். பிறகு சத்தமே இல்லை. அந்த அமைதி தாங்காமல் கதவைத் திறந்தாள்.

அம்மா இரண்டு கைகளையும் மெத்தையில் விரித்து, உள்ளங்கை மேலே தெரிய, விரல்களை அகட்டி வைத்திருந்தாள். பலகையில் நிற்கிற மாதிரியே. சாகிறவர்களுக்குப் பூசும் எண்ணெய் தொட்ட கட்டைவிரலோடு அவர் குனிந்திருந்தார். விரல் நடுங்கியது.

"கை நடுங்குறவன் முன்னாடி நான் நின்னதே இல்ல" என்றாள் அம்மா. மூச்சு இழுத்தது. "பரவால்ல. எறி."

நெற்றியில் பூசினார். ஒரு உள்ளங்கையில், பிறகு மற்றதில். அம்மா இமைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான், இனி இமைக்க மாட்டாள் என்று யாதிராவுக்குப் புரிந்தது.

அம்மாவின் கண்களை யாதிராவே மூடினாள். விரிந்த கைகளை மடக்கவில்லை.

வெகுநேரம் கழித்து எவரிஸ்தோ எழுந்தார். பட்டை இன்னும் கழுத்தில் இருந்தது. கழற்றிச் சுருட்டினார். தொப்பியை எடுத்துக்கொண்டு, பழக்கத்தில் சமையலறைப் பக்கம் திரும்பினார்.

யாதிரா முன்வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். எதிர்வீட்டுப் பெண்கள் படியில் உட்கார்ந்து சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவராகத் தலையை நிமிர்த்தினார்கள்.