ஷூ விழும் சத்தம்

விமான நிலையத்தில் பெட்டி தொலைந்தவர்கள் வந்து கத்துவதற்கென்றே ஒரு கவுண்ட்டர் உண்டு. அதன் பின்னால் உட்கார்ந்திருப்பவர் இவர். ஒரு பெட்டியையும் இவர் தொட்டதுகூடக் கிடையாது. ஆனாலும் எல்லாவற்றையும் இவரே வீட்டுக்குக் கொண்டுபோய் ஒளித்துவைத்ததுபோல ஆளாளுக்குக் காய்ச்சி எடுப்பார்கள். முகம் சுளிக்காமல், "மன்னிச்சிடுங்க சார், தேடிட்டிருக்கோம்" என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் சம்பளம்.

அங்கே வாங்கிக் கட்டிக்கொண்டதை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டுமே! வீட்டில் இறக்குவார். வந்ததும் இரண்டு ஷூவையும் கழற்றிச் சுவரோரம் வீசியெறிவார். அப்புறம் டிவி ஏன் அலறுகிறது, பொம்மை ஏன் வழியில் கிடக்கிறது என்று ஒரு பாட்டம் கத்தல். கத்தி முடித்தால் பாவம், அவருக்குத் தலைவலி குறையும். மற்றவர்களுக்கும் தலை இருக்கிறது என்று அவர் யோசித்ததில்லை.

"கவுண்ட்டர்ல கத்துறவங்களைத் திட்டுறீங்களே, நீங்க மட்டும் என்னவாம்?" என்று மனைவி ஒருமுறை கேட்டாள். அதற்கும் கத்தினார்.

அன்றைக்கு ஒரு மாப்பிள்ளையின் பெட்டி வரவில்லை. மறுநாள் கல்யாணம். அப்பா, சித்தப்பா, மாமா என்று வரிசைகட்டித் திட்டினார்கள். "நீயெல்லாம் ஒரு மனுஷனாய்யா?" என்று கேட்டது மாமா. பெட்டி சாயங்காலமே கிடைத்துவிட்டது. கேள்வி மட்டும் இவருடனேயே வீடுவரை வந்தது.

வந்தால் லிஃப்ட் வேலை செய்யவில்லை. கால் வீங்கியிருந்தது. பாதிப் படியிலேயே ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். எறிவதற்குக்கூடத் தெம்பில்லை. மனைவி பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள் போல, கதவு ஒருக்களித்திருந்தது. சத்தமில்லாமல் உள்ளே வந்தார்.

மகள் தரையில் உட்கார்ந்து பொம்மைக்குச் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஐந்து வயசு. திடீரென்று தன் குட்டிச் செருப்பை எடுத்துச் சுவரில் எறிந்தாள். டொம். அடுத்ததையும் எறிந்தாள். உடனே பொம்மையின் வாயைப் பொத்தினாள்.

"அப்பா வந்தாச்சு. மூச்சு விடாதே. கொஞ்ச நேரம்தான், அப்புறம் சரியாயிடுவாரு."

அவர் கதவருகிலேயே நின்றுவிட்டார். வெட்கம்தான், வேறென்ன.

"பாப்பா."

தூக்கிவாரிப்போட்டது அவளுக்கு. பொம்மையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "நாங்க சத்தம் போடலப்பா" என்றாள்.

நாள் முழுக்க ஊரில் எவனெவனிடமோ தண்ணீர்பட்ட பாடாகச் சொன்ன வார்த்தை இப்போது சுலபத்தில் வரவில்லை. தரையில் உட்கார்ந்து ஒருவழியாகச் சொன்னார்: "மன்னிச்சிடும்மா."

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த ஷூவைத்தான் பார்த்தாள்.

"இன்னும் எறியலையாப்பா?"

"எறிய மாட்டேன். இனிமே..." சத்தியம் பண்ண வாய் வரவில்லை. நாளைக்கும் கவுண்ட்டர் இருக்கிறதே. "இன்னிக்கு மெதுவா வைக்கிறேன்."

அவள் நம்பவில்லை. பொம்மையின் இரண்டு காதையும் இறுகப் பொத்திக்கொண்டாள். அவர் ஒரு ஷூவைத் தரையில் வைத்தார். சத்தமே வரவில்லை. இன்னொன்றையும் வைத்தார்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு காதிலிருந்து மட்டும் கையை எடுத்தாள்.