மெட்டி போடும்போது எடுத்த படம்

சுபலட்சுமிக்குத் தெத்துப்பல். பள்ளிக்கூடத்துக் குரூப் போட்டோவிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிய படம் வரை எதிலும் அவள் உதட்டைப் பிரித்தது கிடையாது. சேவூரில் பட்டுத்தறி வைத்திருந்த ஹேமநாத்துக்கு நிச்சயமான பிறகும், கல்யாணத்தன்று எப்படியாவது வாயைத் திறக்காமல் ஒப்பேற்றிவிட வேண்டும் என்றே தீர்மானித்திருந்தாள்.

தாலி ஏறும்வரை ஒப்பேற்றியும் விட்டாள். "கொஞ்சம் சிரிங்கம்மா" என்று கெஞ்சிக் கெஞ்சி போட்டோகிராபர் மணவாளன்தான் களைத்துப்போனார். அடுத்து அம்மி மிதிக்க வைத்தார்கள். ஹேமநாத் குனிந்து அவள் பாதத்தைப் பிடித்தான். அவன் கை நடுங்கியது. மெட்டி விரலில் ஏறாமல் இடுக்கில் வழுக்கி வழுக்கித் திரும்பியது. சுபலட்சுமிக்குக் காலைத் தொட்டாலே கூச்சம். பல்லைக் கடித்துப் பார்த்தாள், மூச்சை அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. மேளச் சத்தத்தையும் மீறிக் கலகலவென்று சிரித்துவிட்டாள். பளிச்சென்று ஃபிளாஷ் அடித்தது.

"இன்னாடி பொண்ணு நீ! மணவறையில நின்னுகினு இப்டியா சிரிப்பாங்க?" என்று பெரியம்மா கெங்கம்மாள் இடுப்பில் கிள்ளினாள்.

விருந்துகளெல்லாம் ஓய்ந்த பிறகு, ஆல்பத்துக்குப் படம் பொறுக்க ஹேமநாத்தும் அவளும் ஆரணி ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். மணவாளன் மேஜையில் படங்களைப் பரப்பினார். அந்தப் படம் கண்ணில் பட்டதுமே சுபலட்சுமி அதைக் கவிழ்த்து வைத்தாள்.

"இது வேணாங்க. கிழிச்சிடுங்க."

"இன்னாம்மா இப்டி சொல்ற? சொல்லி எடுக்கறதெல்லாம் யாரு வேணா எடுப்பாங்க. இது தானா வந்து மாட்டினது."

"குடு, பாக்கலாம்" என்று ஹேமநாத் கை நீட்டினான்.

"வேணாங்க. பல்லு தெரியுது."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஹேமநாத் அவளையே பார்த்தான்.

"அதுக்குத்தான் எப்பப் பாத்தாலும் வாயப் பொத்திகினு இருக்கியா? எங்க வூடு உனக்குப் புடிக்கலியோன்னு நான் பயந்துகினு இருந்தேன், சுபா."

இப்படியும் ஒருவர் நினைக்கக்கூடும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. அவன் படத்தை மெல்ல நிமிர்த்தி அவள் பக்கம் தள்ளினான்.

"உன்ன வுடு. என்னப் பாரு."

அப்போதுதான் பார்த்தாள். மற்ற படங்களில் அவன் மிரண்டுபோய் விறைப்பாக நின்றிருந்தான். இதிலோ, அவள் பாதத்தைக் கையில் ஏந்தியபடி அண்ணாந்து, வாயைப் பிளந்துகொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணை மூடிக்கொண்டு சிரித்தவளுக்கு அந்த முகம் அன்று தெரியாமல் போயிருந்தது.

"நீ சிரிச்சப்புறந்தான் எனக்கு நடுக்கமே நின்னுச்சி" என்றான் அவன்.

சுபலட்சுமி படத்தை எடுத்து மணவாளனிடம் நீட்டினாள். "இத பெருசாப் போடுங்க."

ஆல்பம் வந்த அன்று மாமியார் லீலா அக்கம்பக்கத்தாரையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்துப் புரட்டினாள். அந்தப் பக்கம் வந்ததும் சுபலட்சுமிக்குக் காது சூடாகிவிட்டது. லீலா படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"நீ லட்சணமாத்தாம்மா கீற. இவன் மூஞ்சியப் பாரு, எப்டி அசடு வழியுதுன்னு!"

கூடமே சிரித்தது. அதன் பிறகு யார் ஆல்பத்தைக் கேட்டாலும் அதை ஒளித்துவைக்கப் பார்த்தவன் ஹேமநாத்தான். தேடி எடுத்து வந்து காட்டியவள் சுபலட்சுமி.