நான்காவது பொருள், வேகத்தடை

குடியிருப்போர் சங்கத்தின் கூட்டம் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருந்த அறையில் நடந்தது. பக்கத்திலேயே மோட்டார். அது ஓடும்போதெல்லாம் பேசுகிறவர் கத்த வேண்டும். திடீரென்று அது நின்றுவிட்டால் கத்திய குரல் எல்லார் காதையும் அறையும். சங்கத் தலைவர் ஒரு பல் டாக்டர். நாளெல்லாம் வாயைத் திற, வாயைத் திற என்று சொல்லிப் பழகியவருக்கு யாரையும் மூடச் சொல்ல வராது என்று தெருவில் கேலி உண்டு.

அன்று டெய்லரக்கா முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாள். கூடவே அவளுடைய நாத்தனார். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள், கடைச் சீருடையைக்கூட மாற்றாமல் நேராக வந்திருந்தாள். இருவரையும் பார்த்ததும் அறையில் பேச்சு அடங்கியது. நான்காவதாகப் பேச வேண்டிய பொருள் வேகத்தடை. அதை எடுத்துவிடச் சொல்லிப் பலர் கேட்டிருந்தார்கள். அது யாருக்காகப் போட்டது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

டெய்லரக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், தெரு முழுக்க கரண்ட் போயிருந்த நேரம், வேலை முடிந்து வந்தவரை வீட்டு வாசலுக்கு எதிரிலேயே ஏதோ ஒரு வண்டி அடித்துவிட்டுப் போய்விட்டது. எந்த வண்டி, யார் ஓட்டியது, ஒன்றும் தெரியவில்லை. எதிர்வீட்டு ஆசிரியை டார்ச் அடித்துப் பார்த்துக் கூச்சல் போட்ட பிறகுதான் ஆட்கள் ஓடிவந்தார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர், "இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்" என்றார்.

அந்த வார்த்தையை நாத்தனார் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தாய் தகப்பன் இல்லாத அவளை வளர்த்து ஆளாக்கியது அந்த அண்ணன்தான். "இத்தனை வீடு இருக்கு, ஒருத்தர் காதுலயாவது விழுந்திருக்காதா அண்ணி? ஒருத்தர் எட்டிப் பார்த்திருக்கக் கூடாதா?" என்று சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு கேட்பாள். டெய்லரக்கா தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைப்பாள்.

போலீஸ்காரரும் டெய்லரக்காவிடம் அதைத்தான் கேட்டார். "முன்னறையிலதானே இருந்தீங்க? சத்தம் எதுவும் கேட்டுச்சா?"

"இல்லைங்க. மழை. ஒண்ணும் கேக்கலை."

அது பொய். தடக், தடக் என்று அடுத்தடுத்து இரண்டு சத்தம் அவளுக்குக் கேட்டது. மாடி வீட்டுக்காரர்கள் மூட்டை எதையோ இறக்குகிறார்கள் என்று நினைத்தாள். எமர்ஜென்சி விளக்கை மிஷின்மேல் வைத்துக்கொண்டு ஒரு பள்ளிச் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய்ப் பார்க்கவில்லை. தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்தபோதுதான் ஆசிரியையின் கூச்சல் கேட்டது.

அடுத்த கூட்டத்திலேயே வேகத்தடை போடத் தீர்மானம் ஆனது. அதற்காக நாயாய் அலைந்தவர் சங்கத்தின் செயலாளர். சொந்தமாக ஒரு பேக்கரி வைத்திருந்தார். கடைகளுக்கு ரொட்டி போடும் வேனை அவரே ஓட்டுவார். அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, தார் கொதிக்கும்போது பக்கத்திலேயே நின்று, டெய்லரக்காவின் கணவர் விழுந்த இடத்திலேயே தடையைப் போடவைத்தார். "தங்கச்சி, இனிமே எவனும் இந்த இடத்துல பறக்க முடியாது" என்றார். டெய்லரக்கா கையெடுத்துக் கும்பிட்டாள்.

தார் காய்ந்த பிறகு முதல் வண்டி வந்தது. முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறி இறங்கியது.

தடக், தடக்.

மிஷின் மிதித்துக்கொண்டிருந்த கால் அப்படியே நின்றது. ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தாள். தெரு காலியாக இருந்தது.

அதற்குப் பிறகு அந்தச் சத்தத்துக்கு ஓய்வே இல்லை. பால் வண்டி, குப்பை வண்டி, பள்ளி வேன், பல் டாக்டரின் கார் என்று ஒவ்வொன்றும் அவள் வாசலில் வந்து அதையே சொல்லிவிட்டுப் போயிற்று. தையல் கோணியது. ஒரு கால்சட்டைக்கு இரண்டு காலையும் சேர்த்துத் தைத்துவிட்டாள். வாங்க வந்தவர், "ஒத்தைக் கால்ல தவம் இருக்கவா?" என்று சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வண்டி போயிற்று. வந்தவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, துணியை மேஜைமேல் வைத்தார்.

"வேற வீடு பார்ப்போம் அண்ணி" என்றாள் நாத்தனார்.

"பார்க்கலாம்" என்பாள். பார்க்கவில்லை. கேட்டும் கேட்காமல் விட்ட சத்தத்தைக் கேட்டுத் தீர்க்கட்டும் என்று யாரோ தன்னை அங்கே உட்கார்த்திவைத்திருப்பதாக அவளுக்குள் ஒரு எண்ணம் விழுந்திருந்தது.

சத்தம் வராத வண்டி ஒன்று இருப்பதைப் பிறகு ஒரு நாள்தான் கவனித்தாள்.

விளக்கு ஏற்றுகிற நேரம். ஒரு வண்டியின் வெளிச்சம் ஜன்னல் வழியாக வந்து சுவரில் ஊர்ந்தது. அலமாரிக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வெளிச்சம் மெல்ல அசைந்து, அலமாரியைத் தாண்டி, மறைந்தது. தடக் என்று ஒன்றுகூட இல்லை. மறுநாளும் அப்படியே. மற்றச் சத்தத்தையெல்லாம் தாங்கிக்கொண்டவளால் இதைத் தாங்க முடியவில்லை.

"சத்தமே இல்லாம ஒரு வண்டி போகுது" என்றாள் நாத்தனாரிடம்.

நாத்தனார் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். ஆனாலும் மறுநாள் கடையில் சொல்லிவிட்டுச் சீக்கிரம் வந்தாள். விளக்கை அணைத்துவிட்டு இருவரும் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றார்கள். வந்தது ரொட்டி வேன். தடைக்கு முன்னால் முழுசாக நின்றது. பிறகு தூங்குகிற குழந்தையைத் தாண்டுகிற மாதிரி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி, ஒவ்வொரு சக்கரமாக இறக்கிக்கொண்டு போனது.

நாத்தனார் அதோடு விடவில்லை. தெருவின் மறுமுனையில் இன்னொரு வேகத்தடை இருந்தது. இரண்டு மூன்று நாள் அங்கே போய் நின்று பார்த்துவிட்டு வந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"அங்க எல்லாரையும் மாதிரி குதிச்சுக்கிட்டுத்தான் போறாரு அண்ணி. இங்க மட்டும்தான் இந்தப் பூனை நடை. தார் போடறப்போ பக்கத்துல நின்னாரே, தங்கச்சி தங்கச்சின்னு உருகினாரே, எதுக்கு?"

டெய்லரக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூட்டத்துல வச்சுக் கேப்போம். நாலு பேருக்கு முன்னாடி கேட்டாத்தான் நழுவ முடியாது" என்றாள் நாத்தனார்.

அப்படித்தான் அன்று வந்து உட்கார்ந்தார்கள்.

தெருவிளக்கு, நாய்த் தொல்லை, கேமரா என்று மூன்றும் முடிய மோட்டார் இரண்டு தரம் ஓடி நின்றது. பல் டாக்டர் தொண்டையைச் செருமினார். "அடுத்தது வேகத்தடை. அது ரொம்ப உயரமா இருக்கு, இடுப்பு போகுதுன்னு புகார் வந்திருக்கு. யாரையும் புண்படுத்தற எண்ணம் இல்லை. முதல்ல டெய்லரக்கா என்ன சொல்றாங்கன்னு கேட்டுக்குவோம்."

டெய்லரக்கா எழுந்தாள். "எடுக்கறதும் வைக்கறதும் உங்க இஷ்டம். செயலாளர்கிட்ட எனக்கு ஒண்ணு கேக்கணும்." தலைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேக்கரிக்காரரைப் பார்த்தாள். "அண்ணே, எங்க வீட்டு வாசல்ல மட்டும் ஏன் வண்டியை நிறுத்தி நிறுத்திப் போறீங்க?"

யாருக்கும் கேள்வி புரியவில்லை. அவருக்குப் புரிந்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நான் மோதலை தங்கச்சி. அதை முதல்ல சொல்லிடறேன்."

நாற்காலிகள் நகர்ந்தன. அவர் நிற்காமல் சொல்லிக்கொண்டே போனார். விபத்து நடந்த சாயங்காலம் ரொட்டி போட்டுவிட்டு மெயின் ரோட்டிலிருந்து தெருவுக்குள் திரும்பினார். மழை. இருட்டு. வெளிச்சத்தில் ஒரு ஆள் கிடப்பது தெரிந்தது. பிரேக் போட்டார்.

"குடிச்சிட்டுக் கிடக்கறார்னு நினைச்சேன். இறங்கலை. முகத்தைப் பார்க்கலை. ஸ்டியரிங்கை ஒடிச்சு, ஓரமா போயிட்டேன். வீட்டுக்குப் போய் சாப்பிட்டேன். அப்புறம்தான் சேதி வந்துச்சு." மேஜை விளிம்பை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "கை அசைஞ்சுது. அதைப் பார்த்தேன். அந்த இடத்துல வண்டியைச் சட்டுனு ஏத்த இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தைரியம் வரலை."

மோட்டார் ஓடவில்லை.

நாத்தனார்தான் முதலில் பேசினாள். கத்தவில்லை. "பொய். நீதான் அடிச்ச. அடிச்சிட்டு, இப்போ ஓரமா போனேன்னு கதை சொல்ற."

ஆசிரியை, "ஆமா, மோதாதவர் ஏன் இத்தனை நாள் வாயைத் திறக்கலை?" என்றாள். பின்வரிசையில் ஒருவர் போலீசுக்குப் போன் போடச் சொன்னார். இன்னொருவர் கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்து நின்றார். நேற்றுவரை அவர் கடை பன்னைப் புகழ்ந்தவர்கள் அவரைச் சுற்றி நெருங்கினார்கள். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாரானவர் போலப் பேக்கரிக்காரர் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

டெய்லரக்காவுக்கு அவர் சொல்வது உண்மை என்று தெரியும். அந்த அறையில் அது தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அன்று தடக், தடக் என்று மோதிய வண்டி நிற்கவே இல்லை. அப்படியே மெயின் ரோட்டுப் பக்கம் இரைந்துகொண்டு போயிற்று. பிறகு, காலரின் ஒரு பக்கம் தைத்து முடித்திருந்தபோது, வேறொரு வண்டி உள்ளே வந்து பிரேக் போட்டது. நின்றது. கிளம்பியது. காற்றுக்காகத் திறந்து வைத்திருந்த ஜன்னல் வழியாக ரொட்டி வாசனை வந்தது. பசிக்கிறது, அவர் வந்ததும் சாப்பிடலாம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பேசாமல் இருந்துவிடலாம். அவரை இழுத்துக்கொண்டு போவார்கள். தெருவுக்கு ஒரு ஆள் கிடைத்த நிம்மதி; நாத்தனாருக்கும் கேள்வி தீரும். அவள் நாத்தனாரின் பக்கம் திரும்பினாள். சீருடைப் பையில் குத்திய பேனா மூச்சோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"அவரை விடுங்க. அவர் மோதலை" என்றாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணி?"

"எனக்குக் கேட்டுச்சு." நாத்தனாரைப் பார்த்தபடியே தொடர்ந்தாள். "மோதின சத்தம் கேட்டுச்சு. அந்த வண்டி நிக்காம வெளிய போயிடுச்சு. இவர் அப்புறம்தான் வந்தார். இவர் நின்னதும் கேட்டுச்சு. மூட்டை எதையோ போடறாங்கன்னு நினைச்சுத் தைச்சுக்கிட்டே இருந்துட்டேன்."

சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பேக்கரிக்காரரை விட்டு விலகினார்கள். யாரும் இவள் பக்கம் வரவில்லை. பல் டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில், "இந்தப் பொருளை ஒத்தி வைக்கலாம்" என்று மெல்லச் சொன்னார்.

நாத்தனார் அதற்குள் கதவருகே நின்றவரை ஒதுக்கிவிட்டு வெளியே போயிருந்தாள்.

பேக்கரிக்காரர் மறுநாள் தானாகவே ஸ்டேஷனுக்குப் போய் வாக்குமூலம் கொடுத்தார். டெய்லரக்காவும் போய், முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னாள். போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். "இப்போ சொல்றீங்களே" என்று மட்டும் கேட்டார். மோதிய வண்டி அதற்குப் பிறகும் கிடைக்கவில்லை. பேக்கரிக்காரர் செயலாளர் பதவியை விட்டார். வேனை இப்போது ஒரு சம்பள ஆள் ஓட்டுகிறான். அவன் எல்லாரையும் போலத் தடதடவென்று ஏறி இறங்கிப் போகிறான்.

நாத்தனார் ஒரு வாரம் சிநேகிதி வீட்டில் இருந்தாள். திரும்பி வரமாட்டாள் என்றே டெய்லரக்கா நினைத்தாள். வந்தாள். பையை வைத்துவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு, தட்டு எடுத்துப் போட்டுத் தானே சாப்பிட்டாள். பிறகு முன்னறைக்குப் போய், டெய்லரக்காவின் தையல் மிஷினை ஒரு பக்கம் பிடித்தாள்.

"அந்தப் பக்கம் பிடிங்க."

"எதுக்கு?"

"உள்ளறையில போட்டுக்கோங்க. முன்னறையில நான் இருந்துக்கறேன்."

இருவருமாகத் தூக்கிக்கொண்டு போய் உள்ளறை ஜன்னலோரம் வைத்தார்கள். அங்கிருந்து பார்த்தால் துணிக்கொடியும் பக்கத்து வீட்டுச் சுவரும்தான். நாத்தனார் திட்டவில்லை, அழவில்லை. ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் அவள் முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். டெய்லரக்கா உள்ளே தைக்கிறாள். இரண்டு சுவர் தாண்டி வருவதால் சத்தம் தேய்ந்துதான் கேட்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் அதற்குப் பின்னால் இன்னொன்று கேட்கிறது: நாற்காலி நகர்கிறது. காலடி ஜன்னல்வரை போகிறது. திரைச்சீலையின் வளையங்கள் கம்பியில் உரசுகின்றன. கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகு காலடி திரும்புகிறது, நாற்காலி கிறீச்சிடுகிறது.

எந்த வண்டிக்கும் அவள் எழுந்து போய்ப் பார்க்காமல் இருப்பதில்லை. அவள் திரும்பி வந்து உட்காரும்வரை டெய்லரக்கா மிஷினை மிதிப்பதில்லை.