பிரைவேட்டா எழுதட்டும்

பத்தாம் வகுப்பின் வருகைப் பதிவேட்டில் மூன்று பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருந்தாள் ஜெஸ்பின். பார்க்கிறவர்கள் தூசி என்று ஊதிவிட்டுப் போகும்படியான சின்னப் புள்ளிகள். காலாண்டு விடைத்தாள்களைத் திருத்தி முடித்த அன்று வைத்தது. தீபாவளி லீவு முடிந்து பள்ளி திறந்தபோது இரண்டு பெயர்கள் சிவப்பு மையில் அடிபட்டிருந்தன. ஒருத்தன் மாமன் ஊருக்குப் போய் வெல்டிங் பட்டறையில் நின்றான். இன்னொருத்தி தையல் படிக்கிறாள் என்று சொன்னார்கள். மிச்சம் இருந்தது அபிதா.

“யாரையும் விரட்டப்பிடாது. பேசித்தான் அனுப்பணும்” என்பார் தலைமையாசிரியர் ஞானதாசன். அந்தப் பேச்சைப் பேசுவது வகுப்பாசிரியரின் வேலை. பொதுத்தேர்வு எழுதுகிறவர்களின் பெயர்ப்பட்டியல் போவதற்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை. பட்டியலில் ஏறாத பெயர் தோற்கவும் செய்யாது, பள்ளியின் கணக்கில் வரவும் செய்யாது.

ஐந்து வருடமாக அந்தப் பள்ளி சென்டம், பத்தாவது எழுதியவர்கள் எல்லாரும் தேர்ச்சி. முக்கு ரோட்டில் பால் சொசைட்டிக்கு எதிரே, பிள்ளைகளின் வட்ட முகங்களோடு பேனர் தொங்கியது. சென்டம் வருவதற்கு முன்னால், நாலு கிலோமீட்டருக்குள் மூன்று மெட்ரிக் பள்ளிகளின் மஞ்சள் பஸ்கள் ஊருக்குள் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன காலத்தில், ஆறாம் வகுப்பில் ஒன்பது பேர்தான் சேர்ந்திருந்தார்கள். போன ஜூனில் முப்பத்தொரு பேர். பேனரைப் பார்த்துத்தான் வந்தார்கள் என்பதில் ஞானதாசனுக்குச் சந்தேகம் இல்லை. பேனர் போனால் பிள்ளைகள் வராது, பிள்ளைகள் வராவிட்டால் பள்ளி இருக்காது, பள்ளி இல்லாமல் போனால் இந்த அபிதா மாதிரிப் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று ஜெஸ்பினிடம் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. மனுஷன் உண்மையாகவே நம்பித்தான் கேட்டார். எண்ணிக்கை குறைந்தால் முதலில் உபரி ஆசிரியராக வேறு ஊருக்குப் போக வேண்டியவள் ஜெஸ்பின்தான் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

பி.எட். படிக்கும்போது ஜெஸ்பின் எழுதிய கட்டுரை ஒன்றைப் பேராசிரியை வகுப்பில் சத்தமாக வாசித்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு வேகம் உண்டு, வேகம் குறைந்ததைக் குறை என்று சொல்லும் வகுப்பறைதான் குறையுள்ளது என்று எழுதியிருந்தாள். அதை நம்பித்தான் எழுதினாள். இப்போதும் நம்பவில்லை என்று சொல்ல முடியாது. நம்பிக்கை ஒரு பக்கம் கிடக்கும், வேலை இன்னொரு பக்கம் நடக்கும், இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமலே வருடங்கள் போய்விடும் என்பது அப்போது தெரியாது. போன ஆகஸ்டில் நாகர்கோவிலில் நடந்த பயிற்சியில் காலை முழுக்க வட்டமாக உட்கார்ந்து கலர்ச் சார்ட் வெட்டினார்கள். பயமில்லாத வகுப்பறை பற்றிப் பாட்டுக்கூடப் பாடினார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு அதே அறையில், அதே திரையில், பள்ளிவாரியாகத் தேர்ச்சி விகிதத்தைப் போட்டு, கடைசிப் பத்துப் பள்ளிகளின் ஆசிரியர்களை எழுந்து நிற்கச் சொன்னார் அதிகாரி. நின்றவர்களில் ஒருத்திக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சேலைத் தலைப்பில் கலர்ப்பேப்பர்த் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. அதை எடுத்துவிடக்கூட அவளுக்குக் கை வரவில்லை. தான் உட்கார்ந்திருக்கிறோம் என்ற ஆறுதல்தான் அப்போது ஜெஸ்பினுக்கு முதலில் தோன்றியது.

அபிதா பேசினால் யாரும் அவளை மக்கு என்று சொல்ல மாட்டார்கள். பேச்சிப்பாறைப் பக்கம் அப்பா ரப்பர் வெட்டப் போகிறவர், பதினைந்து நாளைக்கு ஒருதரம் வீட்டுக்கு வருவார். மரத்தில் பட்டையை எவ்வளவு ஆழம் கீற வேண்டும், ஏன் அதற்குமேல் கீறினால் மரம் செத்துப்போகும் என்று தாவரத் திசுக்கள் பாடத்தில் எழுந்து நின்று சொன்னாள். புத்தகத்தில் இருப்பதைவிடத் தெளிவாக இருந்தது. எழுதச் சொன்னால்தான் எழுத்துகள் இடம் மாறிக்கொள்ளும், வரி வரியில் ஏறும். அறிவியலில் பதினொன்று, கணக்கில் ஏழு. இது படிப்பு வராத பிள்ளை இல்லை, எழுத்து வராத பிள்ளை என்பது ஜூலையிலேயே ஜெஸ்பினுக்குத் தெரிந்துவிட்டது. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சொல்வதை எழுத ஆள் தருவார்கள். அதற்கு டாக்டர் சர்டிபிகேட் வேண்டும், விண்ணப்பம் அனுப்ப வேண்டும், இரண்டு மூன்று தடவை அலைய வேண்டும். இந்த வாரம் போகலாம், அடுத்த வாரம் போகலாம் என்று இருந்தாள். நாள் கடந்தபிறகு, இனி என்ன செய்ய முடியும் என்ற நினைப்பு ஒரு விதத்தில் அவளுக்கு வசதியாகவும் இருந்தது.

அபிதாவின் அம்மா பூங்கனி செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தாள். அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டை உடைத்துப் பருப்பெடுக்கிற வேலை. கொட்டைத் தோட்டின் எண்ணெய் பட்டு விரல்நுனிகள் கறுத்திருந்தன. நெற்றியில் அய்யாவழிக்காரர்கள் இடுகிற, மேல்நோக்கி நீண்ட வெள்ளை நாமம். ஆசிரியர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, உட்காரச் சொல்லியும் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தாள். பின்னால் அபிதா சுவரோடு சாய்ந்து நின்றாள்.

“பிள்ள எதாவது சேட்டை செய்தாளா டீச்சர்?”

சேட்டையெல்லாம் இல்லை, நல்ல பிள்ளை என்று ஆரம்பித்தாள் ஜெஸ்பின். மனதுக்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒழுங்காகத்தான் வந்தன. இங்கே எல்லாருக்கும் ஒரே ஓட்டம், அபிதாவுக்கு அது ஒத்துவரவில்லை, அவளை நெருக்கினால் பிள்ளை நொந்துபோகும். கடைசியில் சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

“அவ பிரைவேட்டா எழுதட்டும். அதாக்கும் அவளுக்கு நல்லது.”

பள்ளியில் சேராமல் தனியாக விண்ணப்பித்துப் பரீட்சை எழுதுகிறவர்களை ஆசிரியர் அறையில் பிரைவேட் என்றுதான் சொல்வார்கள். ஜெஸ்பினுக்கு அந்தச் சொல்லில் வேறு எந்த அர்த்தமும் தோன்றவில்லை, பூங்கனியின் முகத்தைப் பார்க்கும் வரை. அந்த முகம் மெல்ல மலர்ந்தது. நாற்காலியில் நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்தாள்.

“பிரைவேட்டுக்கா? எங்கள மாதி ஆளுவளுக்குப் பிரைவேட்டுல எடம் தருவாவளா டீச்சரே?”

ஜெஸ்பின் வாயைத் திறந்தாள். பூங்கனி நிறுத்தவில்லை. அண்டி ஆபீசில் கூட இருக்கிறவள் மகள் மஞ்சள் பஸ்ஸில்தான் போகிறாளாம். ஒற்றைப் பிள்ளையை இப்படித் தமிழ் மீடியப் பள்ளிக்கூடத்தில் போட்டுவிட்டாயே என்று அவள் கேட்காத நாள் இல்லையாம். டீச்சர்மார் பிள்ளைகள் எல்லாம் பிரைவேட்டில்தானே படிக்கின்றன, நல்லது என்று தெரியாமலா அனுப்புகிறார்கள் என்று பூங்கனி கேட்டபோது அதில் குத்தல் எதுவும் இல்லை. ஜெஸ்பினின் மகள் நாகர்கோவிலில் சி.பி.எஸ்.இ. பள்ளியில் ஏழாவது படிக்கிறாள். அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

திருத்துவதற்கு ஒரு வாக்கியம் போதும். நான் சொன்ன பிரைவேட் வேறு என்றால் முடிந்தது. ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். அப்படியென்றால் ஏன் போகச் சொல்கிறீர்கள் என்ற கேள்வி. ஜெஸ்பின் ஒரு நொடி பொறுத்தாள், பிறகு இன்னொரு நொடி. இரண்டு நொடிக்குப் பிறகு அது பேசாமல் இருந்ததாக ஆகவில்லை, பொய் சொன்னதாக ஆகிவிட்டது. அதை அவள் நன்றாக உணர்ந்தாள்.

பூங்கனி திரும்பி மகளைப் பார்த்தாள். “ஏட்டி, கேட்டியா? டீச்சர் ஒன்னய பிரைவேட்டுல விடுதாவ.”

அபிதா அம்மாவைப் பார்க்கவில்லை. நேராக ஜெஸ்பினைப் பார்த்தாள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு பிரைவேட் என்றால் என்ன என்று தெரியும். ஏற்கெனவே போன இரண்டு பேரைப் பற்றி வகுப்பில் பேசியிருப்பார்கள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் ஜெஸ்பினால் தாங்கியிருக்க முடியும். பிள்ளை காத்திருந்தாள், அவ்வளவுதான். டீச்சர் இப்போது சரியாகச் சொல்லிவிடுவார்கள் என்று காத்திருந்தாள். பிறகு காத்திருப்பதை நிறுத்தினாள்.

“ம், கேட்டேன்” என்றாள்.

‘சொந்த விருப்பத்தின் பேரில்’ என்று தொடங்கும் கடிதத்தை ஜெஸ்பின் முன்பே எழுதி வைத்திருந்தாள். பூங்கனி கறுத்த விரல்களைச் சேலையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். தாளில் கறை படிந்துவிடுமோ என்று பயந்து பேனாவை நுனியில் பிடித்தாள். போகும்போது, இவ்வளவு பிள்ளைகள் இருக்க என் பிள்ளையை நினைத்தீர்களே என்று ஜெஸ்பினின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெயர்ப்பட்டியல் இருபத்திரண்டு பெயர்களோடு போயிற்று. பள்ளியின் ஸ்தாபக நாள் விழாவும் அதே வாரம். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால், யாரும் சேர்த்துக்கொள்ளாத பெண்பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பதினோரு பேரோடு ஓலைக்கொட்டகையில் மிஷன் தொடங்கிய பள்ளி இது என்று வருடாவருடம் மேடையில் வாசிப்பது ஜெஸ்பின்தான். இந்த வருடமும் வாசித்தாள். குரல் எங்கும் தடுக்கவில்லை. தடுக்கும் என்று எதிர்பார்த்திருந்தாள். தடுக்காததுதான் வீட்டுக்குப் போனபிறகும் அவளை விடவில்லை.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பொறுத்து, ஆராதனை முடிந்ததும் நேராகப் பூங்கனி வீட்டுக்குப் போனாள். இரணியல் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒற்றையடிப் பாதையில் ஏழெட்டு வீடுகள். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். பூங்கனி திட்டுவாள், அழுவாள், ஊரைக் கூட்டினாலும் கூட்டுவாள். எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு தனித்தேர்வுக்கு விண்ணப்பிக்கத் தானே கூட நடக்க வேண்டும். வழி நெடுக அந்தத் திட்டுகளை அவள் ஏறக்குறைய ஆசையோடு நினைத்துக்கொண்டு வந்தாள்.

பூங்கனி வாசலிலேயே கண்டுகொண்டு, டீச்சருக்குக் காபி போட உள்ளே ஓடினாள். அபிதா முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய விரல்நுனிகளும் கறுக்கத் தொடங்கியிருந்தன. இரண்டு வாரமாக அம்மாவோடு அண்டி ஆபீசுக்குப் போகிறாளாம். அம்மாவின் சத்தம் உள்ளே கேட்கிறதா என்று ஒருதரம் பார்த்துவிட்டு, பிள்ளை தாழ்ந்த குரலில் பேசினாள்.

“நான் தக்கலையில கல்வி ஆபீசுல போய்க் கேட்டுட்டேன் டீச்சர். பிரைவேட்டா எழுதணும்னா சயன்ஸ் பிராக்டிகலுக்கு ஆகஸ்டுலயே பேரு குடுத்திருக்கணுமாம். இந்தக் கொல்லம் முடியாதாம், அடுத்த வருசந்தானாம்.”

ஜெஸ்பின் அறிவியல் ஆசிரியை. ஆகஸ்டு என்பது அவளுக்குத் தெரியாத விஷயமில்லை. அன்று பிரைவேட்டா எழுதட்டும் என்று சொன்னபோது, எப்போது எழுதுவாள், எப்படி எழுதுவாள் என்று ஒரு நொடிகூட நினைத்துப் பார்க்கவில்லை என்பது இப்போது புரிந்தது. அது ஒரு வழியைக் காட்டும் வாக்கியமே இல்லை. கதவைச் சாத்துகிற வாக்கியம். பாடம்போலப் படித்து வைத்ததால் அது தனக்கே கேட்காமல் போயிருந்தது.

“நான் இப்பம் அம்மைக்கிட்ட எல்லாத்தையும் சொல்லிருதேன் மக்கா” என்றாள் ஜெஸ்பின்.

“வேண்டாம்.” அபிதா பாவாடை ஒன்றை உதறிக் கொடியில் போட்டாள். “பிரைவேட்டுல ஜூன்லதான் எடுப்பாவன்னு சொல்லி வச்சிருக்கேன். ஆபீசு முழுக்க அம்மை சொல்லிட்டு நடக்கா. ஜூன் வரைக்கும் சந்தோசமா இருக்கட்டும்.”

காபி வந்தது. சீனி தூக்கலாக இருந்தது. பூங்கனி எதிரே நின்று, அந்தப் பள்ளியில் பிள்ளையை நன்றாகப் பார்த்துக்கொள்வார்களா, எழுத்துப் பிழைக்கு அடிப்பார்களா என்று கேட்டாள். ஜெஸ்பின் தம்ளருக்குள் பார்த்தபடி, அடிக்க மாட்டார்கள் என்றாள். சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது அபிதா கொடிக்கு அந்தப் பக்கம் போயிருந்தாள்.

பாதையில் திரும்பி நடக்கும்போது உடம்பு இலேசாக இருந்தது. திட்டு வாங்கவில்லை, அழுகையைப் பார்க்கவில்லை. சொல்ல வந்தாள், பிள்ளைதான் தடுத்தாள். இதை இப்படியே தனக்குள் சொல்லிக்கொண்டால் நாளாவட்டத்தில் நம்பிவிடலாம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதை அவள் வெறுத்தாள், ஆனால் விலக்கவில்லை.

கடைசி வீட்டு வேலிக்குள்ளிருந்து ஒருத்தி கைகளைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். அஜிதா என்றாள். மகள் அஸ்வதி அதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பாம். பூங்கனி சொன்னதைக் கேட்டதிலிருந்து டீச்சரைப் பார்க்க வேண்டும் என்று இருந்தாளாம்.

“எங்க பிள்ளையையும் பிரைவேட்டுல விடதுக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும் டீச்சர். ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

ஜெஸ்பின் அந்த முகத்தைப் பார்த்தாள். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

“கணக்குல எவ்வளவு எடுக்கா?”

“பதினெட்டு டீச்சர்.” அஜிதா சங்கடமாகச் சிரித்தாள். “அது போராதோ? அதுக்குப் பிரைவேட்டுல எடுக்க மாட்டாவளோ?”

பதினெட்டு போதும். அடுத்த வருடம், பத்தாம் வகுப்பின் காலாண்டுக்குப் பிறகு புள்ளி வைப்பதற்கு அது தாராளமாகப் போதும்.

“பாக்கலாம் அக்கா” என்றாள் ஜெஸ்பின்.