யாருடைய இரண்டு விரல்

"காரை ரெண்டு விரல் இறக்கணும்ணே" என்றான் வெல்டர்.

மெக்கானிக் காரைச் சுற்றி ஒரு நடை வந்தார். எதையும் ஆற அமரச் செய்கிற ஆள் என்பதால் அவருக்கு 'அவசரம்' என்று பேர் வைத்திருந்தார்கள். நின்றது இரண்டு கதவு, இரண்டு இருக்கை கொண்ட பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். வெல்டர் அதை வாங்கித் துணி போட்டு மூடி வைக்கவில்லை. கப்பல் பட்டறைக்கு தினமும் அதில்தான் வேலைக்குப் போனான். ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. சக்கரத்துக்கும் அதன் மேல் வளைந்த தகட்டுக்கும் நடுவே இருந்த சந்துதான் அவன் கண்ணை உறுத்தியது. பேண்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கப்போகிறவன் மாதிரி நிற்கிறது என்பான்.

"இறக்கணுமா, விடணுமா?" என்றார் அவசரம்.

"ரெண்டும் ஒண்ணுதானேண்ணே?"

"எங்க தொழில்ல ரெண்டு விரல்னா, வேலை முடிஞ்சப்புறம் அந்தச் சந்துல ரெண்டு விரல் நுழையணும். நீ ரெண்டு விரல் கீழ வரணும்ங்கிற. போன மாசம் ஒருத்தர் இப்படித்தான் சொன்னாரு. நான் ஒண்ணு செஞ்சேன், அவரு ஒண்ணு நினைச்சிருந்தாரு. மூணு நாள் வாய்ச்சண்டை."

காருக்குள் உட்கார்ந்திருந்த வெல்டரின் மனைவி கதவைத் திறந்து இறங்கினாள். அவள் டைல்ஸ் பதிப்பவள். ஒரு மில்லிமீட்டர் பிசகினால் மொத்த வரிசையையும் பெயர்த்துப் போடுகிற கை.

"அதை விடுங்க. யாரு விரல்?" என்றாள்.

இரண்டு ஆண்களும் தங்கள் விரலைப் பார்த்துக்கொண்டார்கள். அவள் இடுப்பிலிருந்த டேப்பை இழுத்தாள். சூடுபட்டுத் தடித்த வெல்டரின் விரல்கள் இரண்டும் சேர்ந்து நாற்பத்து நான்கு மில்லிமீட்டர். அவசரத்தின் விரல்கள் முப்பத்து நான்கு. சந்து எழுபத்தெட்டு.

"இவர் விரலால இறக்கினா உங்க விரல் அளவு மிஞ்சும்ணே. ரெண்டு பேருக்கும் விரல்தான் வேற, கிறுக்கு ஒண்ணுதான்" என்று டேப்பைச் சுருட்டினாள். "நாற்பத்து நாலு இறக்கினா கார் வயிறு ரோட்டுல தட்டாதா?"

"அதை உங்க ரோட்டைத்தான் கேக்கணும் தங்கச்சி."

அவள் அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு அது முக்கியம். இரண்டு வருஷத்துக்கு முன் முதுகில் வட்டு விலகி நாற்பது நாள் படுத்துக் கிடந்தவள். காலையில் அவளைக் கட்டடத்தில் இறக்கிவிட்டுத்தான் அவன் பட்டறைக்குப் போவான். முக்கால் மணி நேரப் பயணம். அவன் கூடுதல் வேலையும் முடித்து வீடு திரும்பும்போது அவள் அசந்து தூங்கியிருப்பாள். புருஷனும் பெண்டாட்டியும் முழுசாகப் பேசிக்கொள்வது அந்தக் காருக்குள் மட்டும்தான்.

"கார் குத்த ஆரம்பிச்சா நான் பஸ்ல போயிடுவேன்" என்று முந்தின வாரமே சொல்லியிருந்தாள். "கோபத்துல சொல்லல. முதுகு என்னுது, அதான் சொல்றேன்."

விடுமுறை நாளில் ரோட்டைக் கேட்கப் புறப்பட்டார்கள். இறக்கினால் எவ்வளவு தட்டும் என்று தெரிய, வேலையிடத்தில் மிஞ்சிய சுவர்ப் புட்டி மாவைப் பிசைந்து, சரியாக நாற்பத்து நான்கு மில்லிமீட்டர் உயரத்துக்கு மூன்று உருண்டைகளைக் காரின் வயிற்றில் அவள் ஒட்டினாள். வழியில் ஒன்பது வேகத்தடைகள். முதலில் அவன் தனியாகப் போய்வந்தான். நடு உருண்டை மட்டும் நுனியில் லேசாகச் சிராய்த்திருந்தது. மிச்சம் நாற்பத்திரண்டு. அதைச் சரிசெய்துவிட்டு அவளும் ஏறிக்கொண்டாள். திரும்பி வந்து இருவரும் தெருவில் மல்லாந்து படுத்து, தலையைக் காருக்கடியில் நுழைத்தார்கள். போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

"முப்பத்து நாலு" என்றாள்.

"எட்டு மில்லிமீட்டர் உன் கணக்கா! நீ இல்லேன்னா நாற்பத்திரண்டு இறக்கலாம் போலிருக்கே."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் அடியிலிருந்தபடியே சிரித்தாள். சிரிப்பு கொஞ்சம் சீக்கிரம் நின்றது.

அவசரம் கணக்கைக் கேட்டுத் தாடையைத் தடவினார். "முப்பத்து நாலுன்னா இருபத்தஞ்சோட நிறுத்திக்கணும். அதுக்கு ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த, திருகி உயரம் மாத்துற செட் இருக்கு. ஒரு குமிழ் இருக்கும், ஷாக்கை இளக்கலாம், இறுக்கலாம். உனக்கு நாற்பத்து நாலுதான் வேணும்னா கெட்டி ஸ்பிரிங் போடறேன். கார் அமுங்காது, எதுவும் தட்டாது. ஆனா ரோட்டுல கிடக்கிற சிகரெட் துண்டு மேல ஏறினாக்கூட, அது என்ன பிராண்டுன்னு முதுகு சொல்லிடும்."

கெட்டி ஸ்பிரிங் மேசை மேல் கறுப்பாக, குட்டையாக உட்கார்ந்திருந்தது. அதைப் போட்ட கார் ஒன்று மூலையில் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. வெல்டர் அதையே பார்த்தான். மனைவி பக்கத்திலிருந்த திருகுற செட்டின் குமிழைச் சொடுக் சொடுக்கென்று திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை சொடுக்குண்ணே இதுல?"

"இருபது."

"ஒரு சொடுக்குக்கு எவ்வளவு மாறும்?"

"உட்கார்ந்து பாத்தாத்தான் தெரியும்."

பஸ்ஸில் அவள் யாரிடம் இப்படிக் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று ஒரு நினைப்பு ஓடியது அவனுக்கு. "இருபத்தஞ்சே போடுங்க" என்றான். மனசு நிறைந்து சொன்னான் என்று சொல்ல முடியாது. மூலையில் கிடந்த காரை இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் சொன்னான்.

புது செட்டோடு முதல் காலை. அவசரம் குமிழைப் பத்தில் வைத்திருந்தார். முதல் இரண்டு வேகத்தடைகள் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. மூன்றாவதில் அவள் பேசிக்கொண்டே இரண்டு கைகளையும் இருக்கையில் ஊன்றி, உடம்பைச் சற்றே தூக்கிக்கொண்டாள். அவன் பார்த்துவிட்டான். ஓரமாக நிறுத்தினான்.

"என்னாச்சு?" என்றாள்.

"நீதான் சொல்லணும்."

கொஞ்சம் தயங்கினாள். "இறங்கும்போது ஒண்ணுமில்லை. ஏறும்போதுதான் சுருக்குங்குது."

அவன் பானட்டைத் தூக்கி, இடது பக்கம் இரண்டு, வலது பக்கம் இரண்டு சொடுக்கு இளக்கினான்.

"இப்ப சரியாச்சான்னு எப்படித் தெரியும்? அதைத் தாண்டி வந்துட்டோமே" என்றாள்.

"திரும்பிப் போய் ஏறுவோம்."

"நேரமாச்சுங்க. மேஸ்திரி கத்துவார்."

"கத்தட்டும். நீ கண்ணை மூடிக்க. பாத்துக்கிட்டே போனா மனசு முன்னாடியே இடிச்சுக்கும்."

காரைத் திருப்பி மூன்றாவது வேகத்தடையைத் தாண்டி வந்தான். அவள் கண்ணை மூடியே இருந்தாள். கைகள் மடியில் இருந்தன.

"எப்படி?"

"பரவாயில்ல. இன்னும் ரெண்டு இளக்கினா எப்படி இருக்கும்? இல்ல, இப்ப இருக்கிறதும் கெட்டுப்போகுமா?"

"தெரியலையே" என்று அவன் மறுபடி பானட்டைத் திறக்க இறங்கினான்.