தையலுக்கு விட்ட அரை அங்குலம்

எச்.ஐ.வி. மாத்திரையைத் தொடங்கிய மூன்றாம் வாரத்தில், தையல்காரரின் முன்கையில் சிவந்த தடிப்பு ஒன்று படர்ந்தது. மார்பிலும் சில புள்ளிகள் அரும்பின. பல மாதங்கள் அவரைப் பாடாய்ப் படுத்திய இருமல் தணிந்து, பசி திரும்பி, வெட்டுமேசையின் முன் நாள் முழுவதும் நிற்கும் தெம்பு அப்போதுதான் வந்திருந்தது. தடிப்பைக் கண்டால் மாத்திரையை நிறுத்திவிடுவார்களோ என்று அவர் அஞ்சினார்.

விஷயம் அறிந்தவர், அதே கடையில் பொத்தான் தைக்கும் அவருடைய அக்கா ஒருவரே. தடிப்பு தெரிந்த முதல் நாளே அவர் தம்பியின் கையை இழுத்துவைத்து, தடிப்பின் நீளத்தை அளவு நாடாவால் அளந்து, மருத்துவமனை அட்டையின் பின்புறம் நாலு அங்குலம் என்று எழுதினார். உடனே மருத்துவமனைக்குப் போகும்படியும் சொன்னார். தம்பியோ, கையில் இருக்கும் சட்டைகளை முடித்துவிட்டுப் போவதாகச் சாக்குச் சொன்னார். மறுநாள் முதல் தாமே அளந்து, வாடிக்கையாளர் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்தார். நாலரை. அதற்கடுத்த நாளும் நாலரை. தடிப்பு வளர்கிறது என்று அவருக்குக் கை கால் ஓடவில்லை. ஆயினும் மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடாமல் விழுங்கினார்.

நான்காம் நாள் காலையில் அக்கா அவரை ஏறக்குறைய இழுத்துக்கொண்டே போனார்.

மருத்துவமனைச் செவிலியர் முதலில் கடிந்துகொண்டார். தடிப்பு வந்த அன்றே வந்திருக்க வேண்டும் என்றார். பிறகு காய்ச்சல் பார்த்தார், வாயைத் திறக்கச் சொன்னார், கண்களை நோக்கினார், கொப்புளம் உண்டா என்று தோலைத் தடவினார். எதுவும் இல்லை. நோட்டைப் புரட்டியபோது மட்டும், தடிப்பு அவ்வளவு நீளமாகத் தெரியவில்லையே என்று புருவத்தைச் சுருக்கி, தம் எதிரிலேயே அளக்கும்படி சொன்னார்.

தையல்காரர் நாடாவை வைத்தார்.

"நாலு," என்றார்.

"நாடாவுல மூணரைதானே இருக்கு, அண்ணா?"

"ஆமா. தையலுக்கு அரை விடணும்ல."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

"அப்போ நேத்துப் போட்ட நாலரை, வெறும் நாலா?" என்றார் செவிலியர். "இது வளரவே இல்லையே. குறையுதுண்ணா."

தையல் மடிப்புக்கென்று துணியில் கூடுதலாக விடும் இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கத்தில், நோட்டைத் திறந்ததும் கை தானாகவே அரை அங்குலத்தைச் சேர்த்திருந்தது. தையல்காரர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். இரத்தம் எடுத்துப் பரிசோதித்த மருத்துவர், கல்லீரல் நலமாக உள்ளது, மாத்திரையைத் தொடரலாம் என்றார். அரிப்புக்கு வேறொரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். காய்ச்சலோ, கொப்புளமோ, வாய்ப்புண்ணோ, கண்சிவப்போ வந்தால் அன்றே ஓடிவர வேண்டும் என்றும், தாமாக எதையும் நிறுத்தக் கூடாது என்றும் இரண்டு முறை சொன்னார்.

"உன்னை நம்பித் துணியைக் குடுக்கலாம், உடம்பைக் குடுக்கக் கூடாது," என்று வழியெல்லாம் அக்கா சிரித்தார். அன்று முதல் அளக்கும் வேலை அவருடையதாயிற்று.

ஒரு வாரம் கழித்துத் தடிப்பு ஒன்றேகால் அங்குலத்துக்கு வந்தது. அக்கா அதை எழுதிக்கொண்டிருக்கையில், தம்பியின் விரல் பென்சிலை நோக்கி மெல்ல நகர்ந்தது. அக்கா அதன்மேல் செல்லமாக ஓர் அடி வைத்தார்.